லா கும்பர்சீதா: ஓர் இசைத்தாளின் வரலாறு

ஒரு பாட்டு உலகெங்கும் பரவிவிட்டால் அதனை இயற்றியவன் பெயர் மெல்ல மறையத் தொடங்குகிறது. பாடியவன் பெயர் நிற்கும். பதிப்பித்து விற்றவன் பெயரும் நிற்கும். அந்த இசையை முதன்முதலில் தன் மனத்தில் கேட்டவன் யார் என்று வினவுவோர் சிலரே. அவன் பெயரைக் காத்து நிற்பது எது என்று எண்ணிப் பார்த்தால், ஐந்து கோடுகளும் சில புள்ளிகளும் கொண்ட ஒரு சிறு தாளே என்பது விளங்கும். அதனை இசைத்தாள் என்பர். அத்தாள் இயற்றியவனுக்குக் காவலாகவும் இருக்கும். அவனைத் தன் பாட்டிலிருந்து பிரிக்கும் கருவியாகவும் மாறும். இவ்விரண்டும் ஒரே பாட்டின் வாழ்வில் நிகழ்ந்த வரலாறு ஒன்று உண்டு. அதனை இவ்வாண்டு மலரில் அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றேன்.

அக்கார்டியன் பயிலும் நம் இளைஞர் சிலர், ‘டாங்கோ’ என்னும் தென்னமெரிக்க ஆடலிசைக்கு உரிய இசைத்தாள் எங்கே கிடைக்கும், எதனை நம்பி வாங்கலாம் என்று அவ்வப்போது வினவுகின்றனர். டாங்கோ என்றவுடன் உலகோர் செவியில் முதலில் ஒலிப்பது ‘லா கும்பர்சீதா’ என்னும் பாட்டே ஆகும். 1950-ல் வெளிவந்த ‘சன்செட் பூல்வார்ட்’, 1959-ல் வெளிவந்த ‘சம் லைக் இட் ஹாட்’ ஆகிய அமெரிக்கப் படங்களைக் கண்டோர், பெயர் அறியாமலே அதனைக் கேட்டிருப்பர். அத்தாளைத் தேடப் புகுவோர் முதலில் அதன் வரலாற்றை அறிதல் நலம். வரலாறு தெரிந்தால், எந்தத் தாளில் என்ன இருக்கும், என்ன இராது என்பது தானே புலனாகும்.

துருத்தியும் நாக்கும்

அக்கார்டியன், பண்டோனியன், நம் ஆர்மோனியம் ஆகிய மூன்றும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை. துருத்தி எழுப்பும் காற்று ஒரு மெல்லிய உலோக நாக்கை அதிரச் செய்கிறது; அந்த அதிர்வே ஒலியாகிறது. அந்த நாக்கைத்தான் நம் கலைஞர் ‘ரீடு’ என்று வழங்குகின்றனர். சீனத்தார் ‘ஷெங்’ என்னும் வாய்க்கருவியில் இம்முறையைப் பண்டே கையாண்டனர். ஐரோப்பாவில் இது பெருவழக்காகப் பரவியது 19-ஆம் நூற்றாண்டிலேயே.

1829-ல் வியன்னா நகரத்தில் கருவி செய்துவந்த சிரில் டெமியான் என்பார் ‘அக்கார்டியன்’ என்ற பெயரில் ஒரு கருவிக்குத் தனியுரிமை பெற்றார். ஒரு பொத்தானை அழுத்தினால் பல சுரங்கள் ஒருங்கே ஒலிக்கும் சுரக்கூட்டு அதில் அமைந்திருந்தது. சுரக்கூட்டைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்தே அக்கருவிக்குப் பெயர் பிறந்தது. 1834-ல் செம்னிட்ஸ் நகரத்துக் கார்ல் பிரீட்ரிக் ஊலிக் வேறொரு வகைத் துருத்திக் கருவியைச் செய்தார். 1840களில் கிரேபெல்ட் நகரத்து இசைக்கருவி வணிகர் ஹைன்ரிக் பாண்ட் அதனைப் பெருக்கித் தம் கடையில் விற்றார். அவர் பெயரைத் தாங்கியதே பண்டோனியன். 1842-ல் பாரிசு நகரத்தில் அலெக்சாந்தர் டெபேன் ஆர்மோனியத்துக்கு உரிமை பெற்றார்.

காலால் மிதித்து வாசித்த அந்த ஆர்மோனியம் நம் நாட்டில் கையால் துருத்தி அசைக்கும் பெட்டியாக உருமாறி, நாடக மேடையிலும் பஜனைக் கூடத்திலும் இடம்பிடித்தது. 1940-ல் அகில இந்திய வானொலி அதனை விலக்கி வைத்தபோதும் மக்கள் அதனைக் கைவிடவில்லை. அக்கார்டியனும் நமக்குப் புதியதன்று. 1964-ல் வெளிவந்த ‘சங்கம்’ என்னும் இந்திப் படத்தில் ராஜ்கபூரின் தோளில் தொங்கியது இக்கருவியே. ஆகவே, கட்டைகளை அழுத்தித் துருத்தியை இழுக்கும் இக்கலையின் அடிப்படை நம்மவர் கைக்கு அயலானதன்று.

ஆற்று முகத்தில் கூடிய மக்கள்

தென்னமெரிக்காவில் பிளாத்தா என்னும் பேராற்றின் முகத்துவாரம் கடலைப் போல் விரிந்து கிடக்கிறது. அதன் ஒரு கரையில் அர்ஜென்டினா நாட்டின் தலைநகரான பியூனஸ் அயர்ஸும், மறுகரையில் உருகுவே நாட்டின் தலைநகரான மாண்டிவிடியோவும் உள்ளன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1914 வரை இத்தாலி, ஸ்பெயின் முதலிய நாடுகளிலிருந்து இலட்சக்கணக்கானோர் பிழைப்பைத் தேடி இக்கரைகளில் வந்து இறங்கினர். துறைமுகத்துச் சுமைவேலையும், இறைச்சிக் கூடத்து வேலையும், கட்டட வேலையும் அவர்களுக்குக் கிடைத்தன. தாய்நாட்டுக்குத் திரும்பும் நாளை எண்ணியவாறே பலர் அங்கேயே வாழ்ந்து முடித்தனர்.

அவர்கள் கொண்டுவந்த பாடல்களும், அடிமைகளாகக் கொணரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழித்தோன்றல்கள் காத்துவந்த தாளங்களும், புல்வெளிகளில் மாடு மேய்த்தோர் பாடிய மிலோங்கா என்னும் பாட்டும், கியூபாவிலிருந்து வந்த அபனேரா என்னும் ஆடலிசையும் ஒன்றுகலந்தன. அக்கலப்பில் பிறந்ததே டாங்கோ. தொடக்கத்தில் புல்லாங்குழல், வயலின், கிட்டார் ஆகிய மூன்றே அதற்குப் போதுமானவையாக இருந்தன. பின்னரே கப்பலேறி வந்த பண்டோனியன் அக்குழுவில் நுழைந்தது. துள்ளி நடந்த டாங்கோ, அக்கருவியின் கனத்த பெருமூச்சோடு சேர்ந்து, நிதானமும் ஏக்கமும் கொண்ட இசையாக மாறிற்று. நாளடைவில் இரண்டு பண்டோனியன், இரண்டு வயலின், பியானோ, பெருவயலின் ஆகியவை அடங்கிய அறுவர் குழுவே மரபாயிற்று.

ஜெர்மனியில் செய்த கருவி ஒன்று அங்குள்ளோரால் மறக்கப்பட்டு, ஆறாயிரம் கல்லுக்கும் அப்பால் வேறு மொழி பேசுவோரின் உயிர்க்குரலாக மாறியது வியப்புக்குரியது. சாக்சனி நாட்டுக் கார்ல்ஸ்பெல்ட் என்னும் சிற்றூரில் ஆல்பிரட் ஆர்னால்ட் 1911-ல் தொடங்கிய தொழிற்சாலையின் பண்டோனியன்களையே டாங்கோ கலைஞர் பெரிதும் விரும்பினர். அவற்றை ‘இரட்டை ஏ’ என்று செல்லமாக அழைத்தனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அத்தொழிற்சாலை அரசுடைமையாகி, பண்டோனியன் செய்வது நின்றது. பழைய கருவிகளைப் பழுது பார்த்துப் பழுது பார்த்தே அர்ஜென்டினக் கலைஞர் தங்கள் இசையைத் தொடர்ந்தனர்.

மாணவன் இயற்றிய அணிநடை

மாண்டிவிடியோவில் 1897-ல் பிறந்தவர் ஹெரார்தோ மாதோஸ் ரொட்ரீகஸ். கட்டடக் கலை பயின்ற மாணவர். தவக்காலத்துக்கு முன் வரும் திருவிழா நாட்களில் அந்நகரத்து இளைஞர் வேடம் புனைந்து, குழுக்குழுவாக இசை முழக்கித் தெருவில் வலம் வருவர். அத்தகைய குழுவுக்குக் ‘கொம்பார்சா’ என்பது பெயர். மாணவர் கூட்டமைப்பின் குழு நடந்து செல்வதற்காக மாதோஸ் ரொட்ரீகஸ் ஓர் அணிநடை இசையை இயற்றினார். அப்போது அவருக்கு இருபது வயது நிரம்பியிருக்கவில்லை. ‘சின்னஞ்சிறு ஊர்வலக் குழு’ என்று பொருள்படும் ‘கும்பர்சீதா’ அதன் பெயராயிற்று. கொம்பார்சா என்னும் சொல்லை இத்தாலியர் ஒருவர் தம் நாவுக்கு ஏற்பக் கும்பார்சா என்று உச்சரித்ததே இவ்வுருவத்துக்குக் காரணம் என்பர்.

அந்நாளில் மாண்டிவிடியோவின் ‘லா ஹிரால்டா’ என்னும் காப்பிக் கடையில் ரொபெர்த்தோ பிர்ப்போ என்னும் அர்ஜென்டினப் பியானோக் கலைஞர் தம் குழுவோடு வாசித்துவந்தார். மாணவர் இந்த இசையை அவரிடம் கொண்டுசென்று, இதனை டாங்கோவாக அமைத்துத் தரவேண்டும் என்று கேட்டனர். முதற்பகுதி ஓரளவு பயன்பட்டது என்றும், இரண்டாம் பகுதியில் சரக்கு இல்லை என்றும் பிர்ப்போ பின்னாளில் நினைவுகூர்ந்தார். 1906-ல் தாம் இயற்றி எடுபடாமற்போன இரண்டு டாங்கோக்களிலிருந்து சில பகுதிகளை எடுத்து இதில் சேர்த்ததாகவும் அவர் கூறினார். இவ்வாறு 1916, 1917 ஆகிய ஆண்டுகளில் லா கும்பர்சீதா அரங்கேறி, இசைத்தட்டிலும் பதிவாயிற்று. 1917-ஐக் கணக்கிற்கொண்டு 2017-ல் உருகுவே மக்கள் அதன் நூற்றாண்டைக் கொண்டாடினர். காப்பிக் கடை இருந்த இடத்தில் 1928-ல் பலாசியோ சால்வோ என்னும் உயர்ந்த மாளிகை எழுந்தது.

பிர்ப்போ தம் பங்கைச் சேர்த்தாரேனும் தாளில் அவர் பெயர் ஏறவில்லை. இயற்றியவர் என்ற இடத்தில் மாணவரின் பெயர் ஒன்றே அச்சாயிற்று. பாட்டின் பிறப்பிலேயே தாளுக்கும் உண்மைக்கும் இடையே இவ்வாறு ஒரு சிறு இடைவெளி விழுந்தது.

ஐம்பது பெசோ

பிரேயர் என்னும் பதிப்பகத்தார் இவ்விசையை அச்சிட முன்வந்தனர். மாதோஸ் ரொட்ரீகஸ் தம் உரிமை முழுவதையும் அவர்களுக்கு விற்றுவிட்டார். பெற்ற தொகை 50 பெசோ என்றும், அதுவும் மாண்டிவிடியோவின் மரோன்யாஸ் குதிரைப் பந்தயத்தில் கரைந்தது என்றும் கூறப்படுகிறது. சிலகாலம் இசைக்கப்பட்டபின் பாட்டும் வழக்கிழந்தது. விற்ற பொருள் விலைபோகாதது என்றே எவரும் எண்ணியிருப்பர்.

இரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் நாள்தோறும் நாம் காணும் ஒரு நடைமுறை இங்கு நினைவுக்கு வருகிறது. மூட்டையை அனுப்பியவர் ஒருவர். அதற்குரிய இரயில்வே இரசீதில் முறைப்படி கையொப்பம் பெற்று வருபவர் வேறொருவர். சரக்கு இரசீதைக் காட்டுபவருக்கே சேரும். அதனை நெய்தவர் யார், விளைத்தவர் யார் என்று அலுவலகம் கேட்பதில்லை; கேட்கவும் இயலாது. இசைத்தாளும் வாணிக உலகில் அத்தகைய இரசீதே. மாதோஸ் ரொட்ரீகஸ் இரசீதைக் கைமாற்றிவிட்டார். இசை அவர் மனத்தில் இருந்தது. உரிமை வேறிடத்தில் இருந்தது.

1924-ல் அர்ஜென்டினாவின் பாஸ்குவால் கொந்தூர்சி, என்ரிக்கே மரோனி ஆகிய இருவர் தங்கள் நாடகம் ஒன்றுக்காக இவ்விசைக்குச் சொற்களைப் புனைந்தனர். இயற்றியவரின் இசைவை அவர்கள் பெறவில்லை. ‘நீ அறிந்திருந்தால்’ என்று பொருள்படும் புதுப் பெயரையும் சூட்டினர். ஊர்வல மாணவரின் மிடுக்கு நடை, பிரிந்த காதலியை நினைந்து உருகும் பாட்டாயிற்று. அவ்வாண்டே கார்லோஸ் கார்டெல் அதனைப் பாடி இசைத்தட்டில் பதிந்தார். கார்டெலின் குரலுக்கு அந்நாளில் இருந்த ஆற்றலை நம் நாட்டார்க்கு விளக்க வேண்டுமாயின், தியாகராச பாகவதரின் இசைத்தட்டுக்கள் நம் ஊர்களில் பரவிய விதத்தை எண்ணிக்கொள்ளலாம். மறந்துபோன இசை மீண்டும் எழுந்து கடல் கடந்தது.

அப்போது மாதோஸ் ரொட்ரீகஸ் பாரிசில் வாழ்ந்துவந்தார். அங்கு வந்த புகழ்பெற்ற டாங்கோ இசைஞர் பிரான்சிஸ்கோ கனாரோவின் வாயிலாகவே, தம் இசை வேறு பெயரில், வேறு சொற்களோடு எங்கும் முழங்குகிறது என்பதை அவர் அறிந்தார். தான் பெற்ற பிள்ளை வேற்றூரில் வேறு பெயரோடு வளர்ந்து நிற்பதைக் கண்ட தந்தையின் நிலை அவருடையது. மகிழ்வதா, வருந்துவதா?

வழக்குகள் தொடங்கின. விற்றபோது தாம் சட்டப்படி உரிய வயதை அடையாதவர் என்பது அவர் முன்வைத்த வாதங்களுள் தலையாயது. ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பூசல் நீடித்தது. தாமும் தம் இசைக்குச் சொற்கள் எழுதினார். ஆயினும் மக்கள் நாவில் நின்றவை மற்றவர் சொற்களே. 1948 ஏப்ரலில் மாண்டிவிடியோவில் அவர் காலமானார். கொந்தூர்சி முன்னரே 1932-ல் மறைந்திருந்தார். அதே 1948-ல் கனாரோ நடுவராக இருந்து பூசலைத் தீர்த்துவைத்தார். வருவாயில் நூற்றுக்கு 80 பங்கு மாதோஸ் ரொட்ரீகஸ் தரப்பாருக்கும், 20 பங்கு சொல் புனைந்தோர் தரப்பாருக்கும் என்று முடிவாயிற்று. இனி அச்சிடும் தாள்களில் இருதரத்துச் சொற்களும் இடம்பெறவேண்டும், வேறு எவர் சொற்களும் இடம்பெறலாகாது என்பதும் அத்தீர்ப்பின் பகுதி.

இத்தீர்ப்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. இசையை இயற்றியவர்க்குப் பெரும்பங்கு கிடைத்தது. ஆயினும், பாட்டைப் புதைகுழியிலிருந்து எழுப்பியவை அவரைக் கேளாது எழுதப்பட்ட சொற்களே என்ற உண்மையை நடுவர் மறுக்கவில்லை. இரு தரத்தாரின் சொற்களும் ஒரே தாளில் அருகருகே இருக்குமாறு செய்தார். வாழ்நாளெல்லாம் ஒன்றுபடாதவர் அச்சில் ஒன்றாயினர்.

தாளில் உள்ளதும் இல்லாததும்

நிற்க. அக்கார்டியனுக்கு இத்தாளைத் தேடும் இளைஞர்க்கு இவ்வரலாறு என்ன பயன் தரும்? முதற்பயன், ‘அசல்’ என்று ஒரு தாள் அக்கார்டியனுக்கு இல்லை என்பதை அறிவது. முதலில் விற்பனைக்கு வந்தது பியானோவுக்குரிய தாள். டாங்கோக் குழுக்கள் அப்பியானோத் தாளை முன்வைத்துக்கொண்டு, வயலினுக்கும் பண்டோனியனுக்கும் உரியதைத் தாங்களே பங்கிட்டு வாசித்தன. அக்கார்டியன் தாள் யாவும் பின்வந்த எவரோ ஒருவர் தம் அறிவுக்கேற்ப அமைத்துக் கொடுத்தவையே. நியூயார்க்கில் வாழ்ந்த பியத்ரோ டெய்ரோ போன்ற அக்கார்டியன் கலைஞர் பதிப்பகங்களையே நடத்தி, பியானோ இசையை இக்கருவிக்கு ஏற்ப மாற்றி விற்றனர். ஆகவே தாளை வாங்குமுன் இயற்றியவர் பெயருக்குக் கீழே, அமைத்தவர் பெயரையும் நோக்குதல் வேண்டும்.

இரண்டாவது, கருவிகளின் வேற்றுமை. பியானோ அக்கார்டியனின் வலப்புறம் பியானோ போன்ற கட்டைகள் உள்ளன. துருத்தியை விரித்தாலும் சுருக்கினாலும் ஒரு கட்டையில் ஒரே சுரம்தான் ஒலிக்கும். இடப்புறம் பெரிய கருவிகளில் 120 பொத்தான்கள், வரிசைக்கு 20 ஆக ஆறு வரிசைகளில் அமைந்திருக்கும். அவற்றுள் இரண்டு வரிசைகள் தனிச் சுரம் தரும். மற்ற நான்கு ஆயத்தமான சுரக்கூட்டுக்களைத் தரும். ஒரு விரலால் அழுத்தினால் மூன்று சுரங்கள் ஒருங்கே எழும்.

அர்ஜென்டினப் பண்டோனியனிலோ 71 பொத்தான்கள் உள்ளன. வலக்கைக்கு 38, இடக்கைக்கு 33. துருத்தியை விரிக்கும்போது ஒரு சுரமும் சுருக்கும்போது வேறொரு சுரமும் ஒரே பொத்தானில் பிறக்கும். ஆயத்தமான சுரக்கூட்டு அதில் கிடையாது. இடக்கையும் வலக்கையைப் போலவே தனித்தனிச் சுரங்களால் இசையை நெய்கிறது. எனவே பண்டோனியனுக்கு எழுதிய தாளை வாங்கி அக்கார்டியனில் வாசிக்க முயல்வோர் இடக்கைப் பகுதியில் திகைத்து நிற்பர்.

அக்கார்டியன் தாளில் கீழ்க்கோடுகளில் ஒரே ஒரு சுரம் எழுதி, அதன்மேல் பெரிய ‘எம்’ அல்லது சிறிய ‘எம்’ அல்லது ‘7’ என்று குறித்திருந்தால், அது அக்கார்டியனின் இடப்பொத்தான்களுக்கே உரியது என்று தெளியலாம். தாளின் தலைப்பில் எத்தனை பொத்தான் கருவிக்கு அமைத்தது என்று குறித்திருப்பதும் உண்டு. 48 பொத்தான் கருவியை வைத்திருப்பவர் 120 பொத்தானுக்கு அமைத்த தாளை வாங்கின், இடையிடையே கைக்கு எட்டாத சுரக்கூட்டுக்கள் எதிர்ப்படும்.

இன்னொரு குறியும் உண்டு. ஒரு வட்டம், அதனை இரு படுக்கைக் கோடுகள் மூன்று அறைகளாகப் பிரிக்கும். அறைகளில் புள்ளிகள் இருக்கும். எந்த நாக்குத் தொகுதிகளைத் திறக்கவேண்டும் என்பதை அப்புள்ளிகள் உணர்த்தும். நடு அறையிலும் கீழ் அறையிலும் புள்ளி இருந்தால் அதற்குப் ‘பண்டோனியன்’ என்றே பெயர். அந்த விசையை அழுத்தினால் அக்கார்டியன் தன் ஒன்றுவிட்ட தம்பியின் குரலில் பேசும். டாங்கோவுக்கு நாடவேண்டிய ஒலி அதுவே.

மூன்றாவது, தாளில் எழுத இயலாதவை. லா கும்பர்சீதா பெரும்பாலும் ‘மைனர்’ என்னும் சுர அமைப்பில் செல்வது. அதன் முக்கிய ஏறுநிரல் ஒன்று நம் கீரவாணியின் சுரங்களையே கொண்டது. ஆதலின் நம் செவிக்கு அச்சோகம் எளிதில் பிடிபடும். கடினமானது தாளம். அணிநடையாகப் பிறந்த இசை ஆதலின் ஒவ்வோர் அடியும் தரையில் ஊன்றுவதுபோல் விழவேண்டும். பல அக்கார்டியன் தாள்களில் இடக்கைக்கு ‘தனிச்சுரம், கூட்டு, தனிச்சுரம், கூட்டு’ என்று நாட்டியப் பள்ளிக்கூட முறையில் எழுதியிருப்பர். எழுதியவாறே நீட்டி வாசித்தால் அது ஆடுகுதிரை ஓட்டமாக ஒலிக்கும். பொத்தானைத் தொட்டவுடன் விட்டு, அடியை உலர்ந்ததாக, குறுகியதாக அமைத்தல் வேண்டும். பண்டோனியன் கலைஞர் அழுத்தமான சொற்கட்டுக்களைத் துருத்தியை விரித்தே வாசிப்பர். காற்றடைப்பானைத் திறந்து விரைவில் சுருக்கிக்கொள்வர். அக்கார்டியனிலும் துருத்தியின் திசையை அவ்வாறு வகுத்துக்கொண்டால் இசைக்கு உயிர் வரும். இதற்குப் பழைய இசைத்தட்டுக்களைப் பலமுறை கேட்பதைவிடச் சிறந்த ஆசான் இல்லை. பிர்ப்போவும் கனாரோவும் பதிந்தவற்றை இன்று கணிப்பொறி வழியாக எவரும் கேட்கலாம். தாளைக் கண்ணாலும் தட்டைச் செவியாலும் ஒருங்கே படித்தல் வேண்டும்.

கையில் நல்ல அக்கார்டியன் தாள் அகப்படாவிட்டாலும் கலங்கவேண்டியதில்லை. பியானோத் தாளின் மேல்வரியை வலக்கைக்கு வைத்துக்கொண்டு, கீழ்வரியில் உள்ள சுரக்கூட்டுக்களின் பெயரை ஓர் ஆசிரியர் துணையோடு குறித்துக்கொண்டால் இடக்கைக்குப் போதுமானது கிடைத்துவிடும். இப்பாட்டுக்கு வேண்டிய சுரக்கூட்டுக்கள் மிகச் சிலவே.

இன்று உரிமை யாருக்கு?

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஆம் ஆண்டினது. இயற்றியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும் என்பது பின்னர் ஏற்பட்ட திருத்தம். மாதோஸ் ரொட்ரீகஸ் 1948-ல் மறைந்தமையால், 2008 முடிவோடு அவர் இசை நம் நாட்டில் அனைவர்க்கும் பொதுவாயிற்று. 70 ஆண்டு என்று கணக்கிடும் நாடுகளில் 2018 முடிவோடு அவ்வுரிமை தீர்ந்தது. எனினும், அண்மையில் ஒருவர் அக்கார்டியனுக்கென்று அமைத்த தாளுக்கு அவர்தம் உழைப்பின் அளவில் தனி உரிமை உண்டு. அதனை விலைகொடுத்து வாங்குவதே முறை. ஒரு மாணவர் 50 பெசோவுக்குத் தம் உழைப்பை இழந்த வரலாற்றைப் படித்தவர், மற்றொருவர் உழைப்பை இலவசமாகப் படியெடுத்தல் பொருந்தாது.

சட்டப்படி எவர்க்கும் உரியதான பின்னரும், இது எவருடைய பாட்டு என்ற வழக்கு ஓயவில்லை. 1998-ல் உருகுவே நாடு சட்டம் இயற்றி, லா கும்பர்சீதாவைத் தன் பண்பாட்டுப் பண்ணாக அறிவித்தது. 2000-ல் சிட்னி ஒலிம்பிக் தொடக்க விழாவில் அர்ஜென்டின வீரர் இவ்விசையோடு அணிவகுத்தபோது உருகுவே கண்டனம் தெரிவித்தது. 2009-ல் யுனெஸ்கோ டாங்கோவை மனித குலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாகப் பதிந்தபோது இரு நாடுகளும் சேர்ந்தே விண்ணப்பித்தன. இசை உருகுவே மாணவருடையது. அதனை டாங்கோவாக்கியவரும், சொற்கள் தந்தோரும் அர்ஜென்டினர். கருவி ஜெர்மனியிலிருந்து வந்தது. ஆடிப் பாடி வளர்த்தோர் பலநாட்டுக் குடியேறிகள். ஆயினும் இத்தனை பேரையும் இணைத்து வைத்திருப்பது, இயற்றியவர் பெயரைத் தலையில் தாங்கிய ஒரு தாள்.

பிறந்த ஊரைவிட்டுப் பிழைப்புக்காக வந்து வாழும் நம்மனோர்க்கு இவ்வரலாற்றில் நேரடியான ஒரு பயன் உண்டு. ஒவ்வோர் ஆண்டு விழாவுக்கும் நம்மவர் புதிய பாடல்களை இயற்றுகின்றனர், நாடகங்களுக்கு மெட்டமைக்கின்றனர், பிள்ளைகளுக்குக் கும்மியும் கோலாட்டமும் கட்டிக் கொடுக்கின்றனர். விழா முடிந்தவுடன் அவை காற்றோடு போகின்றன. பணிமாற்றலில் ஒருவர் வேறு ஊருக்குச் சென்றால் அவர் இயற்றியதும் அவரோடு மறைகிறது. அடுத்த ஆண்டு வேறொருவர் அதனைப் பாடும்போது, இது யார் மெட்டு என்று சொல்ல ஆளில்லை.

ஆதலின் ஒன்று செய்யலாம். சங்க நூல்நிலையத்தில் ஒரு குறிப்பேட்டைத் திறந்து, இங்கு இயற்றப்படும் ஒவ்வொரு பாட்டையும் சுரக்குறிப்போடு எழுதிவைக்கலாம். இயற்றியவர் பெயர், மெட்டமைத்தவர் பெயர், திருத்திச் செப்பனிட்டவர் பெயர், பாடிய நாள் ஆகிய நான்கையும் தவறாது குறிக்கலாம். மூன்றாவது பெயரைக் குறிப்பாக விட்டுவிடலாகாது. பிர்ப்போவின் பெயர் தாளில் ஏறாமற்போனதை நாம் கண்டோம். எவரேனும் அச்சிடவோ ஒலிப்பதிவு செய்யவோ கேட்டால், கையொப்பம் இடுமுன் எழுதியிருப்பதை முழுவதும் படித்து, ஒரு படியைத் தம்மிடமே வைத்துக்கொள்ளும்படி நம் இளைஞர்க்குச் சொல்லலாம். ஒரு குயர் தாளும் ஒரு பேனாவும் இதற்குப் போதும். அடுத்த ஆண்டு விழாவுக்குள் அக்குறிப்பேட்டின் முதற்பக்கம் நிரம்பட்டும்.